தண்ணீரூற்றில் சம்மதம் கேட்ட நாள்

ஓமந்தை ராணுவச் சாவடியைத் தாண்டிப் புலிகளின் பகுதிக்குள் நுழைந்ததும் கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைக்கச் சொன்னார் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவர். "இஞ்சால எங்கட நேரம் வேற, பிள்ளை." கொழும்பில் இறங்கியபோதுதான் அதை அரை மணி முன்னுக்கு நகர்த்தியிருந்தேன். திருப்பி வைத்தால் அது திருச்சி நேரம். அம்மா இந்நேரம் குக்கரை இறக்கிக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்தத் தெம்பு அதிக நேரம் நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் வரத் தொடங்கிவிட்டன.

நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள். அப்படிப்பட்டவள் வன்னிக்கு வந்தது என் தைரியத்தால் அல்ல. சைகைமொழி பெயர்ப்பாளர் சான்றிதழுக்காக மும்பையில் படித்துக்கொண்டிருந்தேன். காது கேளாதவர் கையால் சொல்வதை வாயால் சொல்ல வேண்டும், மற்றவர்கள் வாயால் சொல்வதைக் கையால் சொல்ல வேண்டும், அதுதான் வேலை. தேர்வுக்கு முன்னால் வெளியூரில் கொஞ்ச நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. போர்நிறுத்தம் வந்து இரண்டாம் வருடம் அது. முல்லைத்தீவில் ஆசிரியைகளுக்கு அடிப்படைப் பயிற்சி கொடுக்க தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று கேட்டு வந்தபோது, வகுப்பில் தமிழ் தெரிந்தது எனக்கு மட்டும்தான். அவர்கள் என் பெயரை எழுதிய நேரத்தில் நான் வகுப்பிலேயே இல்லை, பல் வைத்தியரிடம் போயிருந்தேன்.

ஓமந்தையில் என் பையைத் திறந்த சிப்பாய் கைகளின் படங்கள் போட்ட அட்டைக் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். சிங்களத்தில் ஏதோ நீளமாகச் சொல்லிச் சிரித்தான். என்ன சொன்னான் என்று அதே பெரியவரிடம் கேட்டேன். "வடிவான படம் எண்டுறான்" என்றார். அவன் பேசியது ஒரு முழம், இவர் தந்தது ஒரு விரற்கடை. மீதியை நடுவில் விழுங்கிவிட்டார் என்று தொழில்புத்தி சொன்னது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று எங்களுக்கு மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்த இடத்தில் அவர் விழுங்கியதற்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

மாங்குளத்தில் வேறு பஸ். அது முல்லைத்தீவுச் சாலையில் கொஞ்ச தூரம் ஓடி, செம்மண் பள்ளம் ஒன்றில் டயர் வெடித்து நின்றது. இருபக்கமும் காடு. நம் ஊரில் பஸ் நின்றால் சனம் ஆளுக்கொரு மரத்தடியைத் தேடிப் போகும். இங்கே எல்லாரும் தார் ரோட்டின் நடுவிலேயே, வரிசைக்கு நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள். "தார் விட்டு இறங்காதேங்கோ, மிதிவெடி இன்னும் எடுக்கேல்லை" என்று கண்டக்டர் சாதாரணமாகச் சொன்னார். பெண்களுக்கு அவசரம் வந்தபோது பஸ்ஸுக்குப் பின்னால் சேலைகளைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். ஒரு அம்மா எனக்காகவும் பிடித்தார். எனக்குப் பயத்தில் வந்ததும் நின்றுவிட்டது.

டயர் மாற்றும்வரை அந்த அம்மா பாலைப்பழம் தந்தார். மஞ்சள் நிறத்தில் சின்னப் பழம், தேன் மாதிரி இனிப்பு. நாலு தின்றதும் உதடு இரண்டும் பசை போட்டது போல ஒட்டிக்கொண்டன. நான் பதறிப்போய் உதட்டைப் பிய்க்க, முழு பஸ்ஸும் சிரித்தது, நானும்தான். அன்றைக்கு நான் பயப்படாமல் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

முல்லைத்தீவில் என்னைப் பொறுப்பேற்றுக்கொண்டவர் புஷ்பா ரீச்சர். அவருடைய பெற்றோர் இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டத்திலிருந்து வந்து அக்கராயனில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். காது கேளாத பிள்ளைகள் சிலரைச் சேர்த்து, கடற்கரைப் பக்கம் ஓலைக் கொட்டிலில் வகுப்பு நடத்தினார். ஊரெல்லாம் மோட்டார் சைக்கிளில் பறப்பார். பின்னால் உட்கார்ந்து நான் அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வேன். பள்ளம் வரும்போதெல்லாம் "கண்ணை மூடாதேங்கோ மிஸ், மூடினா இன்னும் பயமாக் கிடக்கும்" என்பார். நான் கண்ணை மூடுவது முன்னால் இருப்பவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

காலையில் பாண் ரொட்டியும் சம்பலும், இரவில் புட்டும் முரல் மீன் குழம்பும். வாய்க்குக் குறைவில்லை. வகுப்பில் ஆசிரியைகளுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்தது மிக எளிய பாடம்: காது கேளாதவரிடம் பேசும்போது அவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், நடுவில் நிற்கும் பெயர்ப்பாளரைப் பார்த்து அல்ல. 'அவரிடம் கேளுங்கள்', 'அவரிடம் சொல்லுங்கள்' என்று என்னிடம் சொல்லக் கூடாது. அவர் 'நான்' என்று கையால் சொன்னால், நானும் 'நான்' என்றுதான் வாயால் சொல்வேன். எல்லாரும் நன்றாகக் குறித்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் எழுந்து, அங்கே இருந்த காது கேளாத பிள்ளையைச் சுட்டிக்காட்டி, என்னிடம் கேட்டார்: "மிஸ், இவ சாப்பிட்டவவோ எண்டு கேளுங்கோ."

மூன்றாம் நாள் வகுப்பு முடியும் நேரத்தில் வாசலில் ஒருவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சந்தையில் வெங்காயம் விற்கும் ஹமீது நானா. பக்கத்து ஊரான தண்ணீரூற்றுக்காரர். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போய், அங்கே முகாமில் பன்னிரண்டு வருடம் இருந்து, போன வருடம்தான் திரும்பியிருக்கிறார்.

"மூத்தவளுக்கு வெள்ளிக்கிழமை நிக்காஹ்" என்றார். "ரிஸ்வானா. காது கேளாது, வாய் பேசாது. நிக்காஹுக்கு முன்னம் பொம்பிளையிட்டச் சம்மதம் கேக்கோணும். மௌலவி சொல்லுறார், மற்றப் பிள்ளையள் எண்டால் வெக்கத்தில சும்மா இருந்தாலே சம்மதம் எண்டு எடுக்கலாமாம். இவள் எண்டைக்கும் சும்மா இருக்கிற பிள்ளை. அதால, கை பாசை தெரிஞ்ச ஆள் ஒண்டைக் கூட்டிக்கொண்டு வா எண்டுட்டார்."

"உங்களுக்கு என்ன தோணுது? சம்மதம்தானா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, அது என் வேலை இல்லை.

"எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்றார். பிறகு தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரியுது எண்டுதான் நினைக்கிறன்."

நான் ஒப்புக்கொண்டேன். மருத்துவமனையில் மருந்து வேளையைத் தவறாகச் சொன்னால் திருத்தலாம். நிக்காஹ் முடிந்த பிறகு எதைத் திருத்துவது?

வியாழக்கிழமை புஷ்பா ரீச்சர் என்னைத் தண்ணீரூற்றுக்குக் கொண்டுபோனார், முன்கூட்டியே ரிஸ்வானாவோடு பழகிக்கொள்ள. வீட்டில் பாதிச் சுவர் புதியது, பாதி பழையது, கூரை தகரம். கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார்கள். ரிஸ்வானாவுக்கு இருபத்தொன்று இருபத்திரண்டு வயது இருக்கும். கூர்மையான கண்கள். நான் திருமணத்தைக் காட்டுவதற்கு எங்கள் ஊர்ப் பழக்கத்தில் கழுத்தில் முடிச்சுப் போடுவது போலக் கை அசைத்தேன். அவள் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, வலி இல்லை என்று காட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் புத்தளத்தில் காது கேளாதோர் பள்ளியில் படித்தவள். அவள் சைகை வேறு, என் சைகை வேறு. பாதி பிடிபட்டது, பாதி நழுவியது.

அதைவிடப் பெரிய கலவரம் வேறொன்று. நான் எதைக் கேட்டாலும் அவள் தலையாட்டினாள். என் கை முடியும் முன்பே, புன்னகையோடு, மரியாதையாக. சந்தேகம் வந்து, வெளியே கொளுத்தும் வெயிலைக் காட்டி, மழை பெய்கிறதா என்று கேட்டேன். தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டலை எனக்கு நன்றாகத் தெரியும். காது கேளாதவர்கள் கேட்பவர்களின் நடுவே வாழ்ந்து வாழ்ந்து கற்றுக்கொள்வது அது. புரியவில்லை என்றால் எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பார். தலையாட்டினால் சிரித்துக்கொண்டு போய்விடுவார். மும்பையில் எங்கள் ஆசிரியர் தேர்வுக்கு வராத பாடமாக இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். தலையாட்டலை ஆமாம் என்று ஒருபோதும் பெயர்க்காதீர்கள்.

அறை மூலையில் புது சூட்கேஸ் ஒன்று கட்டித் தயாராக இருந்தது. ரிஸ்வானாவே என்னை இழுத்துப் போய்க் காட்டினாள். அவளுடைய உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பாருங்கோ கூத்தை. எங்கட வழக்கத்தில மாப்பிளைதான் பெட்டியோட பொம்பிளை வீட்டுக்கு வந்து இருக்கிறவர். இவள் ஒரு கிழமையாப் பெட்டி அடுக்கிறாள். புது உடுப்பு ஆசை." மாப்பிள்ளையின் படமும் காட்டினார்கள். அவரும் புத்தளத்தில் இருந்துவிட்டு இப்போது முல்லைத்தீவில் கடை போட்டிருப்பவர். படம் அங்கே இருந்தபோது எடுத்தது. பின்னால் வெள்ளை வெளேரென்று உப்பளம்.

நான் படத்தைப் பார்த்தேன், சூட்கேஸைப் பார்த்தேன். மனதுக்குள் ஏதோ நெருடியது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. திரும்பும் வழியில் புஷ்பா ரீச்சரிடம் புலம்பினேன். "நாளைக்கு நீங்க இல்லாட்டியும் நிக்காஹ் நடக்கும் மிஸ். நீங்க இருந்தா, ஒருதராவது அவவைப் பாத்துக்கொண்டு நிப்பீங்க" என்றார். ஆறுதலாக இல்லை, ஆனாலும் உண்மை.

வெள்ளிக்கிழமை காலை பரீனா வந்து இறங்கினாள். ரிஸ்வானாவின் பள்ளித் தோழி. அவளுக்கும் காது கேளாது. தன் அண்ணனோடு புத்தளத்திலிருந்து வந்திருந்தாள். வாசல் படலையில் இருவரும் சந்தித்துக்கொண்டதும் நான் நேற்றுப் பார்த்த ரிஸ்வானாவைக் காணவில்லை. கைகள் பறந்தன. புருவம் பேசியது, தோள் பேசியது, இடையில் ஒரு கை மற்றவளின் கையைப் பிடித்து நிறுத்தியது, பிறகு இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இவ்வளவு வாயாடிப் பெண்ணை ஒரு வருடமாக ஊமை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது இந்த வீடு.

பரீனா கெட்டிக்காரி. என் சைகைக்கும் அவர்கள் சைகைக்கும் உள்ள வித்தியாசத்தை உடனே பிடித்துக்கொண்டு, எனக்காக எல்லாவற்றையும் நடித்துக் காட்டத் தொடங்கினாள். அப்போதே முடிவு செய்தேன். கேள்வி என்னிடமிருந்து பரீனாவுக்கு, பரீனாவிடமிருந்து ரிஸ்வானாவுக்கு. பதிலும் அதே வழியில். இப்படி இரண்டு கை மாறுவது எங்கள் தொழிலில் உண்டு, வெட்கப்பட ஏதுமில்லை. மௌலவியிடம் விளக்கியபோது தாடியைத் தடவிக்கொண்டு, "விளங்கினால் சரி" என்றார்.

சமையல் வாசனை முற்றமெல்லாம் பரவியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பந்தலில் இருந்தார்கள். மௌலவி, சாட்சிகள் இருவர், ஹமீது நானா ஆகியோர் பெண் இருந்த அறைவாசலில் திரைச்சீலைப் பக்கம் நின்றார்கள். உம்மா மகளுக்குப் பின்னால் நின்றார். நானும் பரீனாவும் மௌலவிக்குப் பக்கத்தில், ரிஸ்வானா எங்களைப் பார்க்கும்படி உட்கார்ந்தோம். என் உள்ளங்கை வியர்த்து வழிந்தது. ஈரக் கை பேசாது என்று ஏதோ ஒரு மூடநம்பிக்கையில் அதைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மௌலவி மாப்பிள்ளையின் பெயரையும் அவர் தகப்பன் பெயரையும் சொல்லி, இவரை உங்கள் கணவராக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். நான் பரீனாவுக்குச் சொன்னேன். பரீனா சொல்லி முடிப்பதற்குள் ரிஸ்வானா தலையாட்டினாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஒரு சாட்சி. எல்லாரும் பந்தலுக்குப் போகத் திரும்பினார்கள்.

அப்படியே விட்டிருக்கலாம். கேட்டதைக் கொண்டுபோனேன், கண்டதைக் கண்டார்கள், வேலை முடிந்தது. வேற்று நாடு, வேற்று வீடு, வேற்று மார்க்கம், வெளியே நூறு பேருக்குச் சாப்பாடு வெந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் நேற்றைய வெயிலில் பெய்த மழை என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"ஐயா, கொஞ்சம் இருங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "அவங்க தலையாட்டினாங்கன்னு நான் சொல்லலாம். சம்மதம்னு சொன்னாங்கன்னு என்னால சொல்ல முடியாது. அவங்க எதுக்கும் தலையாட்டுவாங்க."

"ஆர் இந்த இந்தியாக்காரி?" என்று பந்தலிலிருந்து யாரோ கேட்டார்கள். ஹமீது நானாவின் முகம் கறுத்தது. மௌலவி மட்டும் அசையவில்லை.

"அப்ப எப்பிடிக் கேக்கோணும்?"

"என்ன கேக்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். தலையாட்டிப் பதில் சொல்ல முடியாத மாதிரி கேட்டாப் போதும்."

மௌலவி திரைச்சீலைப் பக்கம் திரும்பினார். "சரி. நிக்காஹ் முடிஞ்சால், மகள் ஆரோட, எங்க இருக்கப் போறீங்க?"

கேள்வி கை மாறிப் போனது. ரிஸ்வானா ஆட்டத் தொடங்கிய தலை பாதியில் நின்றது. பிறகு கைகள் எழுந்தன. பரீனா எனக்காக ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். நான் வாய் திறந்தேன்.

"நான் நாளைக்குப் பரீனாவோட புத்தளம் போறேன். அவரோட வீடு அங்க உப்பளத்துக்குப் பக்கத்துல இருக்கு. படத்துல பார்த்தேன். பெட்டி கட்டிட்டேன். பள்ளிக்கூடச் சிநேகிதிங்க எல்லாரும் அங்கதான் இருக்காங்க. நாங்க தினமும் பேசிக்குவோம்."

ரிஸ்வானாவுக்குப் பின்னால் உம்மா "யா அல்லாஹ்" என்றார்.

"புத்தளமோ?" ஹமீது நானா என்னைப் பார்த்துக் கத்தினார். "ஆர் சொன்னது? மாப்பிளை இஞ்ச, இந்த வீட்டுக்கெல்லோ வாறார்! சொல்லுங்கோ இவளுக்கு!"

சொன்னேன். அவர் கத்தியதையும் சேர்த்து, முகத்தால் சொன்னேன். பரீனாவின் கை ஒரு கணம் தயங்கியது. அவளும் தோழி தன்னோடு வரப்போகிறாள் என்றுதான் நம்பியிருந்தாள். ஆனாலும் முழுதாகச் சொன்னாள். ரிஸ்வானா சூட்கேஸைப் பார்த்தாள், வாப்பாவைப் பார்த்தாள். கைகள் மடியில் விழுந்தன. பிறகு ஒரே ஒரு அசைவு.

"எனக்குச் சம்மதமில்லை" என்றேன். 'நான்' என்று சொல்ல எவ்வளவோ பயிற்சி எடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த 'எனக்கு' என்னுடையதாகவே ஒலித்தது. சாட்சிகள் என்னையே முறைத்தார்கள், ஏதோ எனக்கு மாப்பிள்ளை பிடிக்காதது போல.

ஹமீது நானா சுவரில் கை ஊன்றிக்கொண்டார். "பன்னிரண்டு வருசம்" என்றார். "தகரக் கொட்டிலுக்க இருந்துகொண்டு, ஊருக்குப் போவம், எங்கட ஊருக்குப் போவம் எண்டு சொல்லிச் சொல்லித்தானே இதுகளை வளத்தனான். இவளுக்கு அது விளங்கேல்லையோ? கேளுங்கோ பிள்ளை, அவளிட்டக் கேளுங்கோ."

கேட்டேன். ரிஸ்வானா இந்த முறை பரீனாவுக்காகக் காத்திருக்கவில்லை. வாப்பாவின் உதட்டையும் முகத்தையும் பார்த்துக்கொண்டே, மெதுவாக, எனக்கே புரியும்படி சொன்னாள்.

"நீங்க சொன்னது எனக்குக் கேட்கல வாப்பா. லாரியில ஏத்துனீங்க, ஏறுனேன். எங்க போறோம்னு யாரும் சொல்லல. இங்க வந்த பிறகு, சாப்பிடு, வா, படு. இது மூணுதான் எங்கிட்டப் பேசுறீங்க."

மௌலவி தொண்டையைச் செருமினார். "இண்டைக்கு இல்லை எண்டு நான் போய்ச் சொல்லுறன். சாப்பாட்டை ஆறவிடாதேங்கோ, வந்த சனம் சாப்பிடட்டும்" என்றார். சாட்சிகள் அவர் பின்னால் போனார்கள். திரைச்சீலை ஆடி நின்றது.

ஹமீது நானா இன்னும் என் பக்கமே திரும்பி நின்றார். "அவளுக்கு என்னதான் வேணும் எண்டு…" என்று தொடங்கினார். நான் கையை நீட்டி ரிஸ்வானாவைக் காட்டினேன். மும்பை வகுப்பில் அதற்கு மதிப்பெண் உண்டு. அந்த அறையில் எனக்கு அழுகைதான் முட்டியது.

அவர் என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு மெல்ல நடந்து போய், மகளுக்கு எதிரில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கையிலிருந்த தொப்பியை ஓரமாக வைத்தார். அவள் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தார்.

"இப்பச் சொல்லு மகள். நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

நான் அதைக் கையால் சொன்னேன். ரிஸ்வானா தலையாட்டவில்லை. கைகளைத் தூக்கினாள்.